யூஐடி: உச்சவரம்பு எது?

ஒரு கோப்பு யாருடையது என்பதை லினக்ஸ் கெர்னல் பெயரை வைத்துப் பார்ப்பதில்லை. யூஐடி (பயனர் எண்), ஜிஐடி (குழு எண்) என்ற எண்களைத்தான் பார்க்கிறது. அந்த எண்களைப் பற்றிச் சர்வர் நிர்வாகிகளிடமே சில பழைய கணக்குகள் உலவுகின்றன.

நம்பிக்கை: யூஐடி 65,535-ஐத் தாண்டாது.

உண்மை: அது 16 பிட் காலத்துக் கணக்கு. 2001 ஜனவரியில் வந்த லினக்ஸ் 2.4 கெர்னலிலேயே யூஐடி 32 பிட்டாகிவிட்டது. 32 பிட்டில் அடங்கும் கடைசி எண் 4,29,49,67,295. அதை யாருக்கும் ஒதுக்க முடியாது. மைனஸ் 1-ஐ எழுதினாலும் அதே பிட்கள்தான் வரும். உரிமையாளரை மாற்றும் சிஸ்டம் காலில் மைனஸ் 1 என்றால் ‘இருப்பவரே இருக்கட்டும்’ என்று பொருள். ஆக, உச்சவரம்பு அதற்கு ஒன்று குறைவு.

நம்பிக்கை: கெர்னல் ஏற்கும் எண்ணை எல்லா மென்பொருளும் ஏற்கும்.

உண்மை: பால்கிட் என்ற அனுமதிச் சேவையில் 2018 இறுதியில் வெளியான ஓட்டை இதைப் பொய்யாக்கியது. 2,14,74,83,647-க்கு மேற்பட்ட யூஐடி உள்ள சாதாரணப் பயனரால், சிஸ்டம்சிடிஎல் கட்டளை எதையும் ரூட் அனுமதியின்றி ஓட்ட முடிந்தது. அத்தனை பெரிய எண்ணை பால்கிட் மைனஸ் எண்ணாக எடுத்துக்கொண்டதே காரணம். பேக்கப்புக்குப் பயன்படும் டார் கோப்பின் யூஸ்டார் வடிவமோ யூஐடிக்கு 7 எண்ம இலக்கங்களையே ஒதுக்குகிறது. அதில் 20,97,151-க்கு மேல் எழுத இடமில்லை.

நம்பிக்கை: 1000-க்குக் கீழுள்ள எண்களுக்குத் தனி அதிகாரம் உண்டு.

உண்மை: கெர்னல் பிறவியிலேயே சலுகை தருவது 0-க்கு மட்டும். 1000 என்பது புதிய பயனரைச் சேர்க்கும் கட்டளைக்கான வழக்கம். ரெட் ஹேட் லினக்ஸ் வெகுகாலம் 500-இலிருந்துதான் தொடங்கியது. பெயரை ‘ரூட்’ என்று மாற்றினால் அதிகாரம் வராது; எண் 0 ஆனால் எந்தப் பெயருக்கும் வந்துவிடும்.

நம்பிக்கை: ஒருவரை எத்தனை குழுவில் சேர்த்தாலும் அனுமதி கிடைக்கும்.

உண்மை: லினக்ஸ் 2.6.4 முதல் 65,536 கூடுதல் குழுக்கள் வரை செல்லும். ஆனால் நெட்வொர்க் வழியே கோப்புகளைப் பகிரும் என்எஃப்எஸ் வழக்கமாகப் பயன்படுத்தும் ஆத்-சிஸ் முறை 16 குழு எண்களையே சர்வருக்கு அனுப்பும். 17-ஆவது குழுவால் கிடைக்க வேண்டிய அனுமதி, உள்ளூர் வட்டில் வேலை செய்யும், என்எஃப்எஸ்ஸில் மறுக்கப்படும்.

எனவே, பெரிய எண்களை ஒதுக்கும் முன் கெர்னலின் வரம்பைப் பார்த்தால் மட்டும் போதாது. பேக்கப், என்எஃப்எஸ், அனுமதிச் சேவை மூன்றிலும் சோதித்துப் பார்த்துவிடுங்கள்.