ஒரே ஊசி மூன்று மாதம் தாங்குமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 72 வயது. புராஸ்டேட் புற்றுநோய்க்காக லியூப்ரோலைடு என்ற வெள்ளைப் பொடியைக் கலக்கி இடுப்பில் ஊசி போட்டார்கள். அடுத்தது மூன்று மாதம் கழித்தாம். ஒரே ஊசி அத்தனை நாள் தாங்குமா? போட்டு ஒரு வாரத்தில் முதுகுவலி கூடிவிட்டது. அடுத்த ஊசியைத் தள்ளிப்போடலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: தள்ளிப்போடாதீர்கள் அம்மா.

இந்த மருந்து ஒரு சிறு புரதத் துண்டு. விழுங்கினால் வயிற்றில் செரித்துவிடும். 1985-இல் அமெரிக்காவில் அறிமுகமானபோது தினமும் ஊசி குத்திக்கொள்ள வேண்டியிருந்தது. 1989-இல் வந்த நுண்கோள ஊசி அதை மாதத்துக்கு ஒன்றாக்கியது.

நீங்கள் பார்த்த வெள்ளைப் பொடி முழுக்க, தலைமுடியின் தடிமன்கூட இல்லாத அந்த நுண்கோள உருண்டைகள்தான். ஒவ்வொன்றுக்குள்ளும் மருந்து பொதிந்திருக்கிறது. உருண்டையின் உடல், தானே கரையும் தையல் நூலின் இனத்தைச் சேர்ந்த பாலிமர். தசையின் ஈரத்தில் அது உடைய உடைய மருந்து கசிகிறது. மிஞ்சும் லாக்டிக் அமிலம் உடம்புக்குப் பழக்கமானதுதான். கரியமில வாயுவும் தண்ணீருமாகிப் போய்விடும். எத்தனை நாளில் உடைய வேண்டும் என்பதை பாலிமரின் சேர்மானமே முடிவு செய்கிறது. ஆகவே, மூன்று மாத ஊசி கிடைக்கவில்லை என்று ஒரு மாத ஊசிகள் மூன்றை ஒன்றாகப் போடக் கூடாது.

இந்த உருண்டைகள் புராஸ்டேட்டைத் தேடிப் போவதில்லை. இடுப்புத் தசையிலேயே கிடக்கும். இலக்குக்கே போய்ச் சேர்பவை வேறு. கல்லீரல் புற்றுக்கு, கதிர்வீசும் யிட்ரியம்-90 ஏற்றிய கோளங்களைக் கல்லீரல் தமனி வழியே செலுத்துகிறார்கள். கட்டிக்குப் பெரும்பாலும் அந்தத் தமனியிலிருந்தே ரத்தம் வருவதால், அவை கட்டியின் நுண்குழாய்களில் போய்ச் சிக்கிக்கொள்கின்றன.

இனி முதுகுவலி. லியூப்ரோலைடு, புராஸ்டேட் புற்றைத் தூண்டும் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனை முதலில் ஏற்றிவிட்டு, இரண்டு முதல் நான்கு வாரத்தில்தான் அடியோடு இறக்கும். புற்று எலும்புக்குப் பரவியிருந்தால் அந்த ஏற்றத்தில் வலி கூடலாம். அதைத் தணிக்க பைக்காலுட்டமைடு மாத்திரை கொடுப்பதுண்டு. அப்பாவுக்குக் கொடுத்தார்களா என்று மருத்துவரிடம் நாளைக்கே கேளுங்கள். கால் தளர்ந்தாலோ, மரத்துப்போனாலோ, சிறுநீர் அடைத்தாலோ நாளைவரை காத்திருக்க வேண்டாம். நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.

கெடு தாண்டினால் டெஸ்டோஸ்டிரோன் மறுபடி ஏறத் தொடங்கலாம். அடுத்த ஊசித் தேதியை இன்றைக்கே காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள்.