வீட்டில் ஒரு சிறிய மீன் தொட்டி: சண்டையில்லாத மீன்கள், சாகாத மீன்கள்



போன மழைக்காலம் ஒரு நாள் சாயங்காலம் கீழ் லயத்துப் பையன் ஒருவன் போத்தல் ஒன்றை எடுத்துக்கொண்டு என் கந்தோருக்கு வந்தான். போத்தலுக்குள்ளே சிவப்பு நிறத்தில் ரெண்டு சின்ன மீன். "ஐயா, இதை வளர்க்க தொட்டி எப்படிச் செய்யிறது?" என்று கேட்டான். மீனைப் பார்ப்பதற்கு முன் அவன் காற்சட்டையைத்தான் பார்த்தேன். இடுப்பு வரை நனைந்திருந்தது. அந்த மழையில் தனியாக ஆற்றில் இறங்கியிருக்கிறான்!

2003 மே மாதமும் 2017 மே மாதமும் இரத்தினபுரியில் தண்ணீர் என்ன செய்தது என்பதைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மேலே மலையில் மழை பெய்தால் கீழே ஓடை சொல்லாமல் கொள்ளாமல் பெருகிவிடும். காலில் கீறல் காயத்தோடு ஓடையிலும் சேற்றிலும் நின்றால் எலிக்காய்ச்சல் வரவும் இடமுண்டு. அது நம் இரண்டு மாவட்டங்களிலும் அடிக்கடி காணப்படும் நோய். பிள்ளைக்கு மீன் ஆசை இருக்கிறதா? ஆற்றுக்கு விடாமல் வீட்டிலேயே முறையாக வளர்க்கப் பழக்குவோம். அதற்காகத்தான் இந்தப் பாடம்.

1. அந்தச் சிவப்பு மீன் எது?

சிங்களத்தில் அதற்கு லே டிட்டெயா என்று பெயர். வெளிநாட்டில் செர்ரி பார்ப் என்பார்கள். இலங்கையின் தென்மேற்கு ஈர வலயத்து ஓடைகளே இதன் சொந்த ஊர். இது ஓர் இனம் என்று 1929இல் முதலில் எழுதி வைத்தவர் பி. ஈ. பி. தெரணியகல. இரத்தினபுரி மாணிக்கக் குழிகளில் கிடைத்த பழங்கால யானை, காண்டாமிருக எலும்புகளை ஆராய்ந்தவரும் அவரே. இன்று உலகமெங்கும் கண்ணாடித் தொட்டிகளில் நீந்தும் இந்த மீன், நம்ம மலை ஓடைக்காரன்!

இன்னொன்று புலத் ஹபயா. வெற்றிலை போட்ட வாய் போலச் சிவந்த முன்பகுதியும் கறுத்த பின்பகுதியும் உள்ள மீன். அதுவும் நம் பக்கத்து ஓடைகளுக்கே உரியது.

கேகாலை மாவட்டத்தில் கலபிட்டமட பக்கத்துச் சிற்றோடையில் பந்துல பெத்தியா என்றொரு மீன் இருக்கிறது. அது தனி இனம் என்று 1991இல்தான் அறிவிக்கப்பட்டது. உலகத்தில் வேறு எங்கும் இயற்கையாக இல்லை, அழிந்துபோகும் நிலையில் இருக்கிறது. சட்டமும் அதைப் பாதுகாக்கிறது. பிள்ளைகள் பிடித்துவரும் போத்தலில் எந்த மீன் இருக்கும் என்று நமக்குத் தெரியாது. ஆகவே வளர்ப்பு மீனை ஓடையில் பிடிக்காமல் கடையில் வாங்குங்கள். கடையில் விற்கும் செர்ரி பார்ப் பெரும்பாலும் பண்ணையில் பெருக்கியது.

2. தொட்டியும் இடமும்

முதல் தடவைக்கு 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரமுள்ள கண்ணாடித் தொட்டி போதும். அதில் சுமார் 55 லீற்றர் கொள்ளும். உருண்டைக் கண்ணாடிச் சாடி வேண்டாம். அதில் மீன் மூச்சுக்குத் தவிக்கும். தண்ணீரின் பாரம் மட்டும் 50 கிலோவுக்கு மேல் வரும் என்பதால் ஆடுகிற மேசையில் வைக்காதீர்கள். அடியில் ஒரு ரெஜிபோம் துண்டு போட்டால் கண்ணாடி வெடிக்காது. இஸ்தோப்பில் வெயில் விழும் இடமும் ஆகாது, பாசி பிடிக்கும். அடுப்புப் புகை, நுளம்புச் சுருள், பூச்சி மருந்து, இவை அண்டாத மூலையாகப் பாருங்கள்.

அடியில் கழுவிய ஆற்றுமணல் இரண்டு அங்குலம் போட்டு, வேலம்பாசி போன்ற நீர்ச்செடி வையுங்கள். பீலித் தண்ணீர் மேலே கொழுந்து மலைக்கு மருந்து அடித்த நாட்களில் வந்ததாக இருந்தால் எடுக்கவே கூடாது. டவுன் குழாய்த் தண்ணீரென்றால், குளோரின் போக, வாளியில் ஒரு நாள் திறந்து வைத்துப் பிறகு ஊற்றுங்கள்.

3. நான் பட்ட பாடு

சில வருஷத்துக்கு முன் என் மகனுக்காகத் தொட்டி வாங்கினேன். அன்றைக்கே தண்ணீர் ஊற்றி, அன்றைக்கே பதினொரு மீனை விட்டேன். ஐந்தாம் நாள் ஒவ்வொன்றாக மிதந்தன. பிள்ளை சாப்பிடாமல் அழுதான். கடைக்காரன் நோய் மீனை விற்றுவிட்டான் என்று நானும் ஏசினேன். பிழை என்னுடையதுதான் என்று பிறகுதான் விளங்கியது.

காரணம் இதுதான். மீனின் மூச்சிலும் கழிவிலும் அமோனியா என்ற நஞ்சு வெளியேறுகிறது. மணலில் குடியேறும் நல்ல கிருமிகள் அதை நைத்திரைற்றாக மாற்றும். அதுவும் நஞ்சுதான். வேறு வகைக் கிருமிகள் அதை நைத்திரேற்றாக மாற்றும். அது அவ்வளவு கெடுதல் இல்லை, செடிக்கு உரமும் ஆகும். இந்தக் கிருமிகள் பெருக 4 முதல் 6 கிழமை பிடிக்கும். புதுத் தொட்டியில் அவை இல்லாததால் மீன் தன் கழிவிலேயே தானே சாகிறது.

ஆகவே தொட்டியில் தண்ணீரும் செடியும் வைத்து, தினம் ஒரு சிட்டிகை மீன் தீன் போட்டு நான்கு கிழமை பொறுங்கள். ஏற்கெனவே நன்றாக ஓடும் தொட்டி வைத்திருக்கும் அயலவரிடம் ஒரு கை மணல் வாங்கிப் போட்டால் வேலை சீக்கிரம் நடக்கும். பிறகு மூன்று மீன் மட்டும் விடுங்கள். இரண்டு கிழமை சுகமாக இருந்தால் மற்றதை விடலாம். பொறுமைதான் இதில் பாதி வேலை.

4. யாரோடு யாரைச் சேர்ப்பது?

லயத்தில் பத்துக் குடும்பம் ஒற்றுமையாக இருக்க வேண்டுமென்றால் குணம் ஒத்துப்போக வேண்டும். மீனும் அப்படித்தான்.

சேரக்கூடியவை: செர்ரி பார்ப் 6 (ஆண் 2, பெண் 4). ஆண் நல்ல சிவப்பு, பெண் மங்கல். வளர்ந்தாலும் 5 சென்றிமீற்றர்தான். கூட்டமாக இருந்தால்தான் பயப்படாது. அதோடு ஆண் கப்பி 4 அல்லது 5. இந்த அளவுக்கு மேல் 55 லீற்றரில் போடாதீர்கள். பலாங்கொடைப் பக்கத்து உயர்ந்த, இரவில் குளிரும் தோட்டங்களில் கப்பிக்குப் பதிலாகக் கோடு போட்ட சீப்ரா மீன் 6 விடலாம். அது குளிரைத் தாங்கும்.

சேரக்கூடாதவை: புலிக்கோட்டு பார்ப், கப்பியின் வாலைக் கடிக்கும். சண்டை மீனில் இரண்டு ஆண்கள் ஒன்றையொன்று கொல்லும். ஏஞ்சல் மீன் சின்ன மீனை விழுங்கிவிடும். தங்கமீன் பெரிதாக வளரும், அழுக்கு அதிகம். தொட்டி துப்புரவு செய்யும் என்று விற்கும் உறிஞ்சி மீன் ஒரு அடிக்கு மேல் வளரக்கூடியது. நம் தொட்டி அதற்குக் காணாது.

கப்பியில் ஆணும் பெண்ணும் சேர்ந்தால் சுமார் நான்கு கிழமைக்கு ஒரு தடவை குஞ்சு போடும். அதனால்தான் ஆண் மட்டும் என்றேன்.

5. பராமரிப்பு

தீன்: காலையில் ஒரு தடவை, இரண்டு நிமிஷத்தில் தின்று முடிக்கும் அளவு. சோறும் பாணும் போடாதீர்கள்; அழுகி நாறும். கிழமையில் ஒரு நாள் பட்டினி போட்டால் பாதகமில்லை. வாளியில் நுளம்புக் குடம்பி கண்டால் வடித்துப் போடுங்கள். மீனுக்கு விருந்து, நமக்கு டெங்கு குறையும்.

தண்ணீர்: கிழமைக்கு ஒரு தடவை கால் பங்கை எடுத்து, புதுத் தண்ணீர் ஊற்றுங்கள். முழுத் தண்ணீரையும் மாற்றி மணலைத் தேய்த்துக் கழுவினால் நல்ல கிருமியும் போய்விடும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் உடனே கால் பங்கு மாற்றுங்கள், தீனையும் நிறுத்துங்கள்.

முக்கியமான ஒன்று: மருந்து அடித்த, உரம் போட்ட கையைத் தொட்டியில் விடவே கூடாது. மருந்து டாங்கியை ஓடையில் கழுவவும் கூடாது. அந்த ஒரு கழுவலில் கீழே எத்தனை லே டிட்டெயா சாகும், கீழ் லயத்தில் யார் அந்தத் தண்ணீரைக் குடிப்பார்கள் என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள்.

6. மிஞ்சிய மீனை என்ன செய்வது?

"பாவம், ஆற்றில் விடுவோம்" என்று எண்ணாதீர்கள். கப்பி தென் அமெரிக்க மீன். உறிஞ்சி மீனும் கத்தி மீனும் இப்படி வெளியே போய் இலங்கை நீர்நிலைகளில் பெருகிவிட்டன. வெளி மீன் வந்தால் நம் ஓடை மீனுக்கு இரையும் இடமும் குறையும். மிஞ்சியதை அயலவருக்கோ கடைக்கோ கொடுங்கள்.

அந்தப் பையனுக்கு என்ன சொன்னேன் என்று கேட்கிறீர்களா? அன்று மழை விட்டதும் அவன் தகப்பனையும் கூட்டிக்கொண்டு மூன்று பேருமாகப் போய், அதே ஓடையில் அதே இடத்தில் அந்த இரண்டு மீனையும் விட்டோம். பிறகு தொட்டி வைத்து, நான்கு கிழமை நாளை எண்ணி எண்ணிக் காத்திருந்தான். இப்போது ஆறு செர்ரி பார்ப் இருக்கின்றன. ஒன்றும் சாகவில்லை. ஆற்றுப் பக்கம் தனியாகப் போவதும் நின்றுவிட்டது.

பிள்ளைகளே, இந்தப் பாடத்தைப் படித்துவிட்டு ஒரு கேள்விக்கு வீட்டில் பதில் சொல்லுங்கள்: புதுத் தொட்டியில் முதல் நாளே ஏன் மீன் விடக்கூடாது? சரியாகச் சொன்னால் அப்பா அம்மாவிடம் தொட்டி கேட்கலாம்!