கூரைத் தாரைகளும் வீட்டு மரங்களும்

ஐப்பசி மழைக்கு முன்னர் வரப்பையும் வாய்க்காலையும் செப்பனிடாத குடியானவர் இலர். தம் தலைக்கு மேலே, ஓட்டுக்கூரையில் ஓடும் வாய்க்காலை ஏறிப் பார்ப்பவரோ மிகச் சிலரே. இதனால் நேரும் நஷ்டம் அற்பமன்று.

100 சதுர மீட்டர் நிலத்தை மூடிய கூரையின்மீது 10 சென்டிமீட்டர் மழை பெய்யின், அதினின்று வழியும் ஜலம் ஏறக்குறைய 10,000 லிட்டராகும். வடகிழக்குப் பருவத்தில் ஒரே நாளில் இவ்வளவு பெய்வது அபூர்வமன்று. இந்த ஜலம் முழுதும், இரு சரிவுகள் சந்திக்கும் கூடுவாய் வழியாகவும், இறவாரத்தில் மாட்டிய தகரத் தாரை வழியாகவுமே வெளியேற வேண்டும். ஒரு பிடி சருகு குழாயின் வாயை அடைத்தால் போதும். ஜலம் பின்வாங்கி ஓட்டின் அடியிற் புகும்.

இரண்டனுள் கூடுவாயே அதிகக் கவனத்துக்கு உரியது. தாரை நிரம்பினால் ஜலம் பெரும்பாலும் வாசலில் விழும். கூடுவாய் நிரம்பினாலோ வீட்டின் நடுவே இறங்கும். கைமரம் உளுத்துப்போகும், மண்சுவர் ஊறிச் சரியும், கீழே குதிரிலுள்ள விதைநெல் ஈரம் கண்டு முளைப்புத் திறனை இழக்கும். ஒரு வருஷத்து விதை போவதற்கு ஒரே இரவு மழை போதும்.

வேம்பு இலையுதிர்ப்பது மாசி, பங்குனியில். மழையோ ஐப்பசியில். இடையிலுள்ள மாதங்களில் மரம் தழைத்து நிற்பதைக் கண்டு, சருகுக்காலம் கழிந்ததென்று பலர் எண்ணிவிடுகின்றனர். ஆனால் பங்குனிச் சருகு அங்கேயே கிடந்து, சித்திரைப் பூவும், ஆடிக்காற்றின் புழுதியும், வேப்பங்கொட்டையும் சேர்ந்து மண்ணாக இறுகிவிடுகிறது. பறவைகள் இட்ட அரசவிதை அதில் முளைத்துச் சுவரில் வேரோடுவதும் உண்டு. புளியின் சிற்றிலை கம்பிவலைக்குள்ளும் நுழையுமாதலின், வலையை மட்டும் நம்புவது வீண்.

ஆகவே பங்குனி முடிவில் ஒரு முறையும், புரட்டாசியில் ஒரு முறையும், முதல் மழைக்குப் பின் மற்றொரு முறையும் சுத்தம் செய்தல் அவசியம். ஓடு உலர்ந்திருக்கும் வேளையில், கீழே ஒருவர் ஏணியைப் பிடித்துக்கொள்ள, மின்கம்பிக்கு விலகி ஏறுக. சருகில் தேள் இருக்கலாம், வெறுங்கையை விடலாகாது. தகரத்தை இரும்புக் கரண்டியால் சுரண்டினால் மேற்பூச்சு நீங்கித் துருப்பிடிக்கும், மரத்துண்டே நலம். முடிவில் உயர்ந்த முனையில் ஒரு குடம் ஜலம் வார்த்து, அது தேங்காமல் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். பத்தடிக்கு ஓர் அங்குலச் சரிவு போதுமானது. அள்ளிய சருகைக் கொளுத்தாமல் எருக்குழியில் இடுக.

மரத்தையே வெட்டிவிடுவது அறியாமை. கூரையின்மேல் கவிந்த கிளைகளை மட்டும் பருவத்துக்கு முன்பே கழித்தால் நிழலும் நிலைக்கும், ஓடும் பிழைக்கும்.

கிராம அதிகாரிகள் பள்ளிக்கூடம், சாவடி முதலிய பொதுக்கட்டடங்களையும் இவ்வாறே பார்வையிடுதல் வேண்டும். தாரையில் தேங்கிய ஜலத்தில் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். வெப்பமான நாட்களில் ஏழு முதல் பத்து நாட்களுக்குள் முட்டை கொசுவாகிப் பறந்துவிடும். ஆகையால் மழைக்காலத்தில் பொதுக்கட்டடத் தாரைகளை வாரம் ஒரு முறை பார்ப்பது உத்தமம்.