ஆவணக் கட்டில் ஏறாத சாட்சியம்

ரிங்லெட், கேமரன் மலை

அன்புள்ள கவிதா,

சேம்பரிங் என்ற வழக்கறிஞர் பயிற்சியில் சேர்ந்ததும் மேல்முறையீட்டு ஆவணக் கட்டைச் சரிபார்க்கச் சொல்லிவிட்டார்கள், இது கிராணி வேலை என்று எழுதியிருந்தாய். இல்லையம்மா. புத்ராஜெயாவில் மேல்முறையீடு கேட்கும் நீதிபதிகள் சாட்சியின் முகத்தைப் பார்ப்பதில்லை. கீழ்க்கோர்ட்டில் நடந்தது அவர்களிடம் காகிதமாகத்தான் போய்ச் சேரும். நிறுவைப் புத்தகத்தில் ஏறாத கொழுந்துக்குச் சம்பளம் கிடையாது என்று உன் பாட்டிக்குத் தெரியும். கட்டில் ஏறாத சாட்சியமும் அப்படித்தான்.

கட்டு எவ்வளவு முக்கியம் என்று தெரிய, எக்குவடோர் வழக்கைப் படித்துப் பார். அமேசான் காட்டில் டெக்சாகோ எண்ணெய் நிறுவனம் திறந்த குழிகளில் விட்ட கழிவுக்காக, அந்நிறுவனத்தை 2001-ல் வாங்கிய செவ்ரான் மீது அங்குள்ள மக்கள் 2003-ல் லாகோ அக்ரியோவில் வழக்குப் போட்டார்கள். வழக்குக் கட்டு இரண்டு லட்சம் பக்கங்களைத் தாண்டியது. 2011-ல் மக்கள் பக்கம் தீர்ப்பு. செவ்ரான் மேல்முறையீடு செய்தும் 2012-ல் அது உறுதியானது. இழப்பீடு 2013-ல் சுமார் 950 கோடி டாலர் என்று நின்றது. ஆனால் 2014-ல் நியூயார்க் நீதிபதி லூயிஸ் கப்லான், அத்தீர்ப்பு மோசடியால் பெறப்பட்டது என்றார். அவர் காட்டிய சான்றுகளில் ஒன்று: வழக்குக் கட்டில் எங்குமே இல்லாத வாதித் தரப்பு உள்குறிப்புகளின் வரிகள், பிழைகள் உட்பட, தீர்ப்பில் இருந்தன. மக்களின் வழக்கறிஞர் குற்றச்சாட்டை மறுத்தார். 2016-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் கப்லானின் முடிவை ஏற்றது. காட்டு மக்களின் துயரம் மெய்யானது. அதனாலேயே அந்தத் தீர்ப்பு கட்டை விட்டு விலகாமல் இருந்திருக்க வேண்டும் என்று எனக்கு இன்றும் மனம் பதறுகிறது.

உன் ஆவணக் கட்டில் ஒரு பக்கம் விடுபட்டது தெரிந்தால் நீயாகச் செருகாதே. முதலில் எதிர்த்தரப்புக்கு எழுது. அவர்கள் ஒப்புக்கொண்டால் துணைத் தொகுப்பாகத் தாக்கல் செய்வது எளிதாகும். மறுத்தால் சத்தியப் பிரமாணப் பத்திரத்தோடு நீதிமன்றத்தின் அனுமதியைக் கேள். கட்டைத் தாக்கல் செய்ய எட்டு வாரக் கெடுதான், அதனால் தள்ளிப்போடாதே. விசாரணையில் முன்வைத்தது விடுபட்டால் அது திருத்தம். முன்வைக்காததைக் கொண்டுவந்தால் அது புதிய சான்று. 1954-ன் லாட் எதிர் மார்ஷல் வழக்கிலிருந்து அதற்குக் கடுமையான நிபந்தனைகள் உண்டு.

சாட்சியக் குறிப்பையும் சான்றாவணப் பட்டியலையும் பக்கம் பக்கமாக ஒப்பிட்டுப் பார். விடுபட்டது எதிர்த்தரப்புக்குச் சாதகமானது என்றாலும் அதை உன் சீனியரிடம் அன்றே சொல்லிவிடு.

அன்புடன்,
மாமா