மீண்டும் உருளும் சக்கரம்

நுழையும்முன்

கடையில் வாங்கிய அன்று ஒரு பொருள் நம் உடைமையாகிறது. ஆனால், அதனைப் பிரித்துப் பார்த்து, பழுதுணர்ந்து, மீண்டும் பூட்டத் தெரிந்த அன்றே அது உண்மையில் நம் வசமாகிறது. மிதிவண்டி இதற்குச் சிறந்த சான்று. அதன் உறுப்புகள் எல்லாம் கண்ணுக்குத் தெரிபவை, கைக்கு எட்டுபவை. பழைய டைட்டானிய மலைமிதிவண்டி ஒன்றைப் புதுப்பிக்கும் முறையின்வழியே உலோகவியலையும் இயற்பியலையும் உழைப்பின் மதிப்பையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

பழையதில் பிறந்த புதுமை

மலைப்பாதையில் செல்வதற்கென உருவான மிதிவண்டி, ஆய்வுக்கூடத்தில் பிறந்ததன்று. பழைய வண்டிகளைப் புதுப்பித்தவர்களின் கைகளில் பிறந்தது. 1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், தமல்பாயிஸ் மலையடிவாரத்தில் வாழ்ந்த இளைஞர்கள், 1930, 1940களில் செய்யப்பட்ட கனமான மிதிவண்டிகளைப் பழம்பொருள் கடைகளில் தேடி வாங்கினர். தடித்த டயர்களையும் வலிமையான தடைகளையும் பல்லிணைகளையும் அவற்றில் பொருத்தி, மண்பாதைகளில் இறங்கினர்.

1976ஆம் ஆண்டு அக்டோபரில் அங்கு ஒரு பந்தயம் தொடங்கியது. ஏறத்தாழ 3 கிலோமீட்டர் தொலைவில் 400 மீட்டர் உயரம் இறங்கும் செங்குத்தான பாதை அது. பின்னோக்கி மிதித்தால் வண்டியை நிறுத்தும் பழைய வகைத் தடை, அந்த இறக்கத்தில் கடுமையாகச் சூடேறும். அச்சுக்குடத்தினுள் இருந்த மசகு புகைந்து தீரும். ஒவ்வொரு முறை இறங்கிய பின்னரும் குடத்தைப் பிரித்துப் புதிய மசகு இட வேண்டியிருந்தது. அதனால் அப்பந்தயத்திற்கு 'மீண்டும் நிரப்புதல்' எனப் பொருள்படும் 'ரீபேக்' என்னும் பெயரே நிலைத்தது. பழுதுபார்க்கும் செயலே ஒரு விளையாட்டின் பெயரானது எண்ணி மகிழத்தக்கது. பழைய சட்டகங்களின் குறைகளைப் பட்டறிந்த ஜோ பிரீஸ் என்பவர், 1977இல் மலைப்பாதைக்கெனவே தனிச் சட்டகம் ஒன்றை எஃகுக் குழாய்களால் உருவாக்கினார்.

துரு அறியா உலோகம்

எஃகு வலியது, ஆயின் துருப்பிடிக்கும். அலுமினியம் இலேசானது, ஆயின் மீண்டும் மீண்டும் வளைவுக்கு உள்ளானால் களைத்து விரிசல் காணும். இவ்விரண்டின் குறைகளையும் தவிர்க்கும் உலோகமாக டைட்டானியம் விளங்குகிறது. 1791இல் இங்கிலாந்தின் வில்லியம் கிரிகோர் கண்டறிந்த இவ்வுலோகத்தின் அடர்த்தி, ஒரு கன சென்டிமீட்டருக்கு 4.5 கிராம். எஃகின் அடர்த்தியோ ஏறத்தாழ 7.8 கிராம். காற்றுப் பட்டவுடன் டைட்டானியத்தின்மேல் மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகி, உள்ளிருக்கும் உலோகத்தைக் காக்கிறது. ஆகவே, வண்ணம் பூசாமல் விட்டாலும் அது துருப்பிடிப்பதில்லை.

மிதிவண்டிச் சட்டகங்களுக்குப் பெரிதும் பயன்படும் கலவையில் 3 விழுக்காடு அலுமினியமும் 2.5 விழுக்காடு வனேடியமும் உள்ளன. வானூர்திகளின் நீரியல் குழாய்களுக்கெனப் பயன்பட்ட இக்கலவை, பின்னர் மிதிவண்டிக்கு வந்தது. 1980களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் மெர்லின் மெட்டல்வொர்க்ஸ் போன்ற பட்டறைகள் டைட்டானிய மலைமிதிவண்டிகளைச் செய்யத் தொடங்கின. அவ்வாறு செய்யப்பட்ட சட்டகங்கள் சில, முப்பது ஆண்டுகள் கடந்தும் இன்றும் உறுதியாக உள்ளன.

இவ்வுலோகம் நமக்கு அயலானதன்று. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணலில் உள்ள இல்மனைட், டைட்டானியத்தின் கனிமமாகும். தாது நம் கரையில் எளிதாகக் கிடைப்பினும், அதிலிருந்து உலோகத்தைப் பிரித்தெடுப்பது அரிது. அவ்வருமையே அதன் விலைக்குக் காரணம்.

பிரித்தலும் அறிதலும்

சட்டகம் அழியாதிருந்தால் மட்டும் வண்டி ஓடிவிடாது. சங்கிலி தேய்கிறது, இரப்பர் இறுகி வெடிக்கிறது, மசகு காய்ந்து பிசினாகிறது. ஆகவே, புதுப்பித்தலின் முதற்படி, வண்டியை முழுவதும் பிரித்து, எது நிலைக்கும், எது தேயும் என வேறுபடுத்தி அறிவதாகும்.

பிரிப்பதற்கும் அறிவு வேண்டும். வலப்பக்க மிதிகட்டையின் திருகு இடஞ்சுழியாகத் திருப்பினால் கழலும். இடப்பக்க மிதிகட்டையின் திருகோ வலஞ்சுழியாகத் திருப்பினால்தான் கழலும். மிதிக்கும்போது மிதிகட்டை தானே கழன்றுவிடாதிருக்கவே இம்மாற்று அமைப்பு. இதனை அறியாமல் வலிமையை மட்டும் நம்புவோர் புரியைச் சிதைத்துவிடுவர்.

டைட்டானியத்திற்கு மற்றோர் இயல்பும் உண்டு. அதன் திருகுபுரிகள் மசகின்றி இறுக்கப்பட்டால், ஒன்றோடொன்று பற்றிக்கொண்டு கழற்ற இயலாதவாறு இறுகிவிடும். எனவே, மீண்டும் பூட்டுகையில் ஒவ்வொரு புரிக்கும் பற்றுத்தடுப்பு மசகு பூசுதல் இன்றியமையாதது. இன்று பூட்டுபவர், நாளை இதனைக் கழற்றப்போகும் ஒருவரை மனத்தில் கொண்டு பூட்ட வேண்டும்.

சங்கிலியின் தேய்வை அளவுகோலால் அறியலாம். புதிய சங்கிலியில் 24 கண்ணிகளின் நீளம் சரியாக 12 அங்குலம். அந்நீளம் ஒரு வீசம், அதாவது 1/16 அங்குலம் கூடியிருந்தால் சங்கிலியை மாற்ற வேண்டும். அரைக்கால், அதாவது 1/8 அங்குலம் கூடும்வரை விட்டால் பற்சக்கரங்களும் தேய்ந்திருக்கும். காலத்தே மாற்றிய சிறு பொருள், பெரும் பொருளைக் காக்கிறது.

தெரிந்து தெளிவோம்

'26 அங்குலம்' என எழுதப்பட்ட டயர்கள் யாவும் ஒன்றல்ல. மலைமிதிவண்டியின் 26 அங்குல டயர் பொருந்தும் விளிம்பின் விட்டம் 559 மில்லிமீட்டர். 26 × 1⅜ எனக் குறிக்கப்பட்ட சாலை மிதிவண்டி டயருக்கு அது 590 மில்லிமீட்டர். ஒன்று மற்றொன்றில் பொருந்தாது. டயரின் பக்கத்தில் பொறிக்கப்பட்ட மில்லிமீட்டர் எண்ணைப் பார்த்தே வாங்க வேண்டும்.

கம்பிகளின் இழுவிசை

சக்கரத்தைத் தாங்குபவை மெல்லிய ஆரக்கம்பிகள். அவை தூண்களைப்போல நின்று தாங்குவதில்லை. எல்லாத் திசைகளிலும் இழுத்துப் பிடித்திருப்பதால் தாங்குகின்றன. இழுவிசை சமமாக இருக்கும்வரை சக்கரம் நேராகச் சுழலும். ஓரிடத்தில் தளர்ந்தால் விளிம்பு கோணும். அதனைச் சீர்செய்வதை நம் ஊர்க் கடைகளில் 'பெண்டு எடுத்தல்' என்பர். விளிம்பு இடப்புறம் சாய்ந்தால், அவ்விடத்தில் வலப்புறக் கம்பியைக் கால் சுற்று இறுக்கி, இடப்புறக் கம்பியைக் கால் சுற்றுத் தளர்த்த வேண்டும். ஒரே முறையில் திருத்த முற்பட்டால் கோணல் வேறிடத்திற்கு இடம்பெயரும். பொறுமையே இங்குத் தலையாய கருவி.

நம் நாட்டின் சாலை மிதிவண்டிகளில் முன்சக்கரத்திற்கு 32, பின்சக்கரத்திற்கு 40 என ஆரக்கம்பிகள் அமைந்துள்ளமையைக் காணலாம். சுமையின் பெரும்பகுதியைப் பின்சக்கரம் தாங்குவதே இதற்குக் காரணம்.

மலையேறும் கணக்கு

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், நைனார்பாளையம் போன்ற சமவெளிச் சிற்றூர்களும் உள்ளன. கல்வராயன் மலைத்தொடரும் உள்ளது. கச்சிராயபாளையத்திலிருந்து கோமுகி அணையைக் கடந்து வெள்ளிமலைக்கு ஏறும் சாலை, சமவெளிச் சாலையினின்று முற்றிலும் வேறானது. இரண்டிற்கும் ஏற்ற வண்டிகள் எவ்வாறு வேறுபடுகின்றன?

முன்பல் 44, பின்பல் 18 கொண்ட சாலை மிதிவண்டியில், ஒரு முழு மிதிக்கு வண்டி ஏறத்தாழ 5.4 மீட்டர் முன்னேறும். சமவெளிக்கு இது தகும். பழைய மலைமிதிவண்டியில் முன்பல் 24க்கும் பின்பல் 28க்கும் சங்கிலியை மாற்றினால், ஒரு மிதிக்கு ஏறத்தாழ 1.8 மீட்டரே முன்னேறும். தொலைவு மூன்றில் ஒன்றாகிறது. அதே ஏற்றத்தில் காலுக்கு வேண்டிய விசையும் ஏறத்தாழ மூன்றில் ஒன்றாகக் குறைகிறது. வேகத்தை விட்டுக்கொடுத்து உயரத்தைப் பெறும் முறை இது.

இறக்கத்தில் வேறொரு திறன் வேண்டும். கொண்டையூசி வளைவுக்குள் நுழைந்தபின் தடையை அழுத்துதல் இடர் தரும். நுழையும்முன்னரே வேகத்தைக் குறைத்தல் வேண்டும். தடையைத் தொடர்ந்து பற்றியிருந்தால் விளிம்பு சூடேறும் என்பதையும் மறத்தலாகாது.

ஓவராயில் என்னும் கலை

டைட்டானியச் சட்டகத்தில் விரிசல் விழுந்தால் என்ன செய்வது? மிகுந்த சூட்டில் அவ்வுலோகம் காற்றிலுள்ள ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் உறிஞ்சி நொறுங்கும் தன்மை பெறும். ஆகவே, குழாயின் உள்ளும் புறமும் ஆர்கான் வளிமம் சூழ அதனைப் பற்றவைத்தல் வேண்டும். இவ்வசதி எல்லா ஊர்களிலும் இல்லை. மாறாக, எளிய எஃகுச் சட்டகம் முறிந்தால் அருகிலுள்ள பட்டறையிலேயே பற்றவைத்துவிடலாம். அழியாமை ஒரு பெருமை. எங்கும் திருத்தத்தக்க எளிமை மற்றொரு பெருமை. எஃகு வண்டி தாழ்ந்ததன்று என்பதை இவ்வொப்பீடு உணர்த்துகிறது.

அவ்வெளிமையைக் காத்து வந்தவை நம் ஊர் மிதிவண்டிக் கடைகள். வண்டியை முற்றிலும் பிரித்து, மண்ணெண்ணெயில் கழுவி, பால்ரசு குண்டுகளை மாற்றி, மசகிட்டுப் பூட்டும் பணியை அங்கு 'ஓவராயில்' என்பர். 'ஓவர்ஹால்' என்னும் ஆங்கிலச் சொல் தமிழர் நாவில் புழங்கி இவ்வுருப் பெற்றது. சொல் கடன் பெற்றது. கைத்திறனோ நம் தொழிலாளர்கள் ஆண்டுக்கணக்கில் வளர்த்தெடுத்தது. இரு சக்கர மோட்டார் வண்டிகள் பெருகியதால் இக்கடைகள் பல மூடப்பட்டுவிட்டன. கடை மூடப்படும்போது, அங்கிருந்த அறிவும் கற்பாரின்றி மறைகிறது.

இது மாணவர்களாகிய உங்களை நேரடியாகத் தொடும் செய்தி. தமிழ்நாட்டில் 2001–2002ஆம் கல்வியாண்டில் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவியருக்கெனத் தொடங்கிய மிதிவண்டி வழங்கும் திட்டம், பின்னர் ஏனையோருக்கும் விரிந்தது. இன்று அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் பதினோராம் வகுப்பு பயில்வோர் விலையில்லா மிதிவண்டியைப் பெறுகின்றனர். அவ்வண்டி, தளர்ந்த கம்பியாலும் காய்ந்த சங்கிலியாலும் இரண்டே ஆண்டுகளில் வீட்டின் பின்புறம் சாய்த்து வைக்கப்படுமா, தம்பி தங்கையரையும் பள்ளிக்குச் சுமந்து செல்லுமா என்பதை அதன் உலோகம் முடிவு செய்வதில்லை. மாதம் ஒருமுறை ஒதுக்கும் அரைமணி நேரமும், ஒரு துளி எண்ணெயும், பிரித்துப் பூட்டத் துணியும் கைகளுமே முடிவு செய்கின்றன.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரிலுள்ள மிதிவண்டி பழுதுபார்ப்பவரைச் சந்தித்து, அவர் பயன்படுத்தும் தொழிற்சொற்களைத் தொகுத்து, பொருளுடன் அகரவரிசைப்படுத்துக.

2. உங்கள் மிதிவண்டியின் முன்பல், பின்பல் எண்ணிக்கையையும் சக்கரச் சுற்றளவையும் கண்டறிந்து, ஒரு மிதிக்கு அது செல்லும் தொலைவைக் கணக்கிடுக.

3. 'அழியாத பொருளா, திருத்தத்தக்க பொருளா?' என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.