சைல்ட் ஆஃப் லைட்: காத்திருந்து அடிக்கும் ஆட்டம்

யுபிசாஃப்டின் மான்ட்ரியால் ஸ்டுடியோ உருவாக்கி 2014 ஏப்ரலில் வெளிவந்த 'சைல்ட் ஆஃப் லைட்', தேவதைக் கதையின் சாயலில் அமைந்த ரோல்பிளேயிங் கேம். கதை தொடங்குவது 1895ஆம் ஆண்டின் ஆஸ்திரியாவில். கோமகன் ஒருவரின் மகள் அரோரா ஓர் இரவில் உடல் சில்லிட்டுக் கண்மூடுகிறாள். விழிக்கும்போது லெமுரியா என்ற வேற்றுலகில் கிடக்கிறாள். அம்ப்ரா என்னும் கறுப்பு ராணி அங்கே சூரியனையும் நிலவையும் நட்சத்திரங்களையும் களவாடி வைத்திருக்கிறாள். அவற்றை மீட்டால்தான் அரோரா அப்பாவிடம் திரும்ப முடியும்.

இயக்குநர் பாட்ரிக் புளூர்ட், எழுத்தாளர் ஜெஃப்ரி யோஹலெம் இருவரும் அதற்குமுன் பணியாற்றியது 'ஃபார் க்ரை 3' என்ற துப்பாக்கிச் சண்டை கேமில். அதன் சுவடு இங்கே எங்கும் இல்லை. காட்சிகள் நீர்வண்ண ஓவியம்போல, விளிம்பு கரைந்து, மங்கிய நிறங்களில் விரிகின்றன. பழைய சிறுவர் நூல்களுக்குப் படம் வரைந்த ஆர்தர் ராக்கமின் பாணி மரங்களின் முறுக்கிலேயே தெரியும். கியூபெக் பாடகி கேர் தெ பிராட் அமைத்த பியானோ இசையைச் சத்தம் குறைத்து ஆடுவது பெரிய இழப்பு.

ஆட்டத்தில் ஆகக் குறைவாக மதிக்கப்படுவது இக்னிகுலஸ் என்ற மின்மினிதான். அரோராவைக் கன்ட்ரோலரின் ஒரு குச்சியால் நகர்த்தும்போது மற்றொரு குச்சியால் இதைத் தனியே பறக்கவிடலாம். கைக்கு எட்டாத பெட்டியைத் திறப்பதும் ஒளிச் செடிகளைத் தட்டி எழுப்புவதும் இதன் வேலை. வழியில் திரியும் எதிரியின் முகத்துக்கு நேரே ஒளியைக் கூட்டினால் அது சற்று நேரம் செயலற்று நிற்கும்; அப்போது பின்பக்கமாகச் சென்று தொட்டால் சண்டையின் முதல் அடி அரோராவுடையது. எதிரி பின்னாலிருந்து வந்து மோதினால் அந்த வாய்ப்பு அதற்குப் போய்விடும். அதனால் அரோராவுக்குச் சிறகு கிடைத்து மேலே பறக்கத் தொடங்கிய பிறகும், இருண்ட குகைகளில் விரைந்து பாயாமல் மின்மினியை முன்னே அனுப்பிப் பார்த்துப் போவதே நல்லது.

சண்டையில்தான் இந்த கேமின் உயிர் இருக்கிறது. திரையின் அடியில் ஒரு கோடு. அரோரா தரப்பில் இருவர், எதிர்த்தரப்பில் அதிகம்போனால் மூவர். எல்லோருடைய முகங்களும் அந்தக் கோட்டில் இடமிருந்து வலமாக நகர்ந்துகொண்டிருக்கும். கோட்டின் பெரும்பகுதி காத்திருக்கும் பகுதி. கடைசியில் உள்ள சிறு துண்டுதான் செயல்படும் பகுதி. ஒருவரின் முகம் அதன் வாசலைத் தொட்டதும் என்ன செய்வது என்று ஆடுபவர் தேர்ந்தெடுக்கிறார். முகம் அந்தத் துண்டைக் கடந்து முடித்ததும் அடி விழும். வாள்வீச்சு விரைவில் கடந்துவிடும், பெரிய மந்திரம் மெல்ல ஊரும். அந்தத் துண்டுக்குள் இருக்கும்போது எதிரியிடம் அடி வாங்கினால் எடுத்த காரியம் கெட்டு, முகம் பின்னால் தள்ளப்படும். எதிரிகளுக்கும் இதே விதிதான்.

ஒரு சண்டையை அருகில் வைத்துப் பார்த்தால் இது விளங்கும். அரோரா ஒளி மந்திரம் ஒன்றைத் தொடங்கிவிட்டாள். அவளுக்குச் சற்றுப் பின்னால் ஓநாய் ஒன்றின் முகம் வேகமாக வருகிறது. சும்மா விட்டால் அது அவளை முந்திக் கடித்துவிடும். மின்மினியை ஓநாயின் மேல் நிறுத்தி ஒளியை அழுத்திப் பிடித்தால் அதன் முகம் ஆமைபோல ஊர்கிறது. மந்திரம் இறங்கியதும் பிடியை விட வேண்டும். ஓநாய் அப்போது செயல்படும் பகுதிக்குள் காலை வைத்திருந்தால் அந்த அடியிலேயே அது பின்னுக்குப் போகும். அது உள்ளே நுழையுமுன் அடி விழுந்தால் உயிர் குறையும், அவ்வளவுதான். ஆகவே எதிரியை எப்போதும் மெதுவாக்கிக்கொண்டே இருப்பது பயன் தராது. சில வேளைகளில் அது உள்ளே வரட்டும் என்று விட்டுவிட்டு, வந்தபின் குறுகிய நேரத் தாக்குதலால் கலைப்பதே மேல். ஆட்டத்தின் திறமை முழுவதும் இந்த ஒரு கணிப்பில் அடங்கும்.

மின்மினியின் ஒளியும் வற்றக்கூடியது. களத்தின் ஓரங்களில் நிற்கும் ஒளிச் செடிகளைத் தொட்டு அதை நிரப்பிக்கொள்ளலாம். செடிகள் மீண்டும் துளிர்க்கச் சமயம் எடுக்கும் என்பதால் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பறித்துவிடக் கூடாது. அதே ஒளியைத் தோழர் மேல் காட்டினால் அவர் உயிர் சிறிது சிறிதாகக் கூடும். மருந்துகள் மிச்சப்படுவது இப்படித்தான். எதிரி முந்திவிடுவது உறுதி என்று தெரிந்தால் புதிதாக எதையும் தொடங்காமல் தற்காப்பைத் தேர்ந்தெடுப்பது கோழைத்தனம் ஆகாது. கலைந்துபோன மந்திரத்தைவிடக் குறைந்த காயத்தோடு தப்பிய சுற்று எவ்வளவோ மேல்.

களத்தில் இருவர்தான் என்றாலும் தோழர்கள் பலர் சேர்கிறார்கள். நெருப்பு, நீர், மின்னல் மந்திரங்கள் ஃபின் என்ற குள்ள மந்திரவாதியின் கையில். தோழரை வேகப்படுத்தி எதிரியைத் தாமதப்படுத்த நோரா. அடி தாங்க ஓயெங்கஸ். முறை வரும்போது ஒருவரை வெளியே அனுப்பி இன்னொருவரை இறக்கலாம். நீரில் வாழும் எதிரிக்கு எதிரே நெருப்பு மந்திரத்தை வீணாக்கிக்கொண்டிருப்பதைவிட ஆளையோ மந்திரத்தையோ மாற்றிவிடுவது புத்திசாலித்தனம். திறன்களை நிரந்தரமாக உயர்த்தும் நட்சத்திரத் தூளை மட்டும் அரோராவுக்கே முதலில் செலவிட வேண்டும். கூட வருகிறவர்கள் எல்லோரும் கடைசிவரை கூடவே இருப்பார்கள் என்பதற்கு எந்தக் கதையிலும் உத்தரவாதம் கிடையாது.

ஆகுலை எனப்படும் கற்கள் இன்னொரு வசதி. ஆயுதத்தில் பதித்தால் ஒரு பலன், கவசத்தில் பதித்தால் வேறொரு பலன். ஒரே வகைக் கல் மூன்றைச் சேர்த்தால் தரம் கூடும். வெவ்வேறு நிறங்களைக் கலந்தால் புதுக் கல் பிறக்கும். கழற்றி மாட்டச் செலவே இல்லாததால், புதிய பகுதிக்குள் நுழைந்து முதல் எதிரியைப் பார்த்ததும் கற்களை மாற்றிப் பார்க்கலாம்.

எளிய நிலை, கடின நிலை என இரண்டு உண்டு. எளிய நிலையில் கோட்டைக் கவனிக்காமல் அடித்தே பல சண்டைகளைக் கடந்துவிட முடியும். அப்படிக் கடந்தவருக்கு இந்த கேமின் சிறந்த பாதி தெரியாமலே போகும். இந்த வகை ஆட்டங்களில் கொஞ்சம் பழக்கம் உள்ளவர்கள் முதலிலேயே கடின நிலையை எடுப்பது நல்லது.

உரையாடல் முழுவதும் ஆங்கிலச் செய்யுளில், அடிக் கடைசியில் ஒலி ஒத்துவரும்படி எழுதப்பட்டிருக்கிறது. சில இடங்களில் ஓசைக்காகச் சொற்கள் வலிந்து இழுக்கப்பட்டிருப்பது உண்மை. ஆனால் கோமாளிப் பெண் ரூபெல்லா பேசும்போது இயைபு தவறிப் பொருத்தமில்லாத சொல்லில் போய் நிற்பாள். வர வேண்டிய சொல்லைப் பக்கத்தில் இருப்பவர் எடுத்துக்கொடுப்பார். அவளுடைய குணத்தை இத்தனை சுருக்கமாக வேறெப்படியும் காட்டியிருக்க முடியாது. பொத்தானை அழுத்தி வசனங்களைத் தாண்டுகிறவர்கள் இதையெல்லாம் தவறவிடுகிறார்கள்.

இரண்டாவது கன்ட்ரோலர் இருந்தால் மின்மினியை இன்னொருவரிடம் கொடுத்துவிடலாம். கேம் பழக்கமே இல்லாத குழந்தைக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடைப்பது அரிது. மின்மினி அடிபட்டுச் சாகாது, பின்தங்கினாலும் தொலைந்துபோகாது. ஆனால் ஓநாயை எப்போது பிடிப்பது, எப்போது விடுவது என்ற முடிவு அந்தக் குழந்தையின் கையில்தான். அரோராவை ஆடும் பெரியவர் "இப்ப விடு, விடு!" என்று கத்துவதும், குழந்தை விடாமல் பிடித்தே வைத்திருப்பதும் நடக்கும். ஓரிரு பகுதிகள் கடந்தால் குழந்தையே கோட்டைப் பார்த்து நேரம் சொல்லத் தொடங்கிவிடும்.