படத்தின் அளவும் சரக்கின் அளவும்

(கூட்டுறவு ஆய்வாளர் ஒருவர் எழுதும் பாடக் கட்டுரை)

சங்கத்தின் விற்பனை நிலையத்துக்கு வருகிறவர் சேலையைக் கையால் தொட்டுப் பார்க்கிறார்; கரையைப் புரட்டிப் பார்க்கிறார்; வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்கிறார். மண்டிக்கு வரும் வியாபாரி மஞ்சள் விரலை ஒடித்துப் பார்க்கிறார். ஆனால் கைப்பேசியில் நம் சரக்கைக் காண்பவருக்குத் தொடவும் வழியில்லை, ஒடிக்கவும் வழியில்லை. அவருக்குக் கிடைப்பது ஒரு படம் மட்டுமே. ஆகவே அந்தப் படம் நாம் அனுப்பும் மாதிரிச் சரக்குக்குச் சமானம். மாதிரி ஒன்றாகவும் சரக்கு வேறாகவும் இருந்தால் என்ன நேரும் என்பதைக் கூட்டுறவாளர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இன்று நெசவாளர் சங்கங்களும் விளைவிப்போர் சங்கங்களும் இன்ஸ்டாகிராம், பேஸ்புக், வாட்ஸாப் ஆகியவற்றில் தங்கள் சரக்கின் படங்களை வெளியிட்டு வருகின்றன. படம் எடுப்பதில் காட்டும் அக்கறையை, அதனை அந்தந்த இடத்துக்குரிய அளவுக்குக் கொண்டுவருவதில் நாம் காட்டுவதில்லை. இக்குறை என்னிடமும் இருந்தது. அதனால் விளைந்ததை முதலில் கூறிவிட்டுப் பாடத்துக்கு வருகிறேன்.

நான் செய்த பிழை

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நெசவாளர் சங்கத்துக்குத் தணிக்கைக்காகச் சென்றிருந்தேன். செயலாளர் ஒரு கட்டம் போட்ட சேலையைப் படமெடுத்து வைத்திருந்தார். அதனைச் சதுரப் படமாக்கி வெளியிட வேண்டும் என்றார். பட்டம் பெற்றவன் என்ற நினைப்பில் நானே முன்வந்தேன். கணினியில் அகலம் 1080, உயரம் 1080 என்று எண்களை இட்டேன். நெட்டையாயிருந்த படம் உடனே சதுரமாயிற்று. வேலை இவ்வளவு சுலபமா என்று மகிழ்ந்தேன்.

சில நாட்களில் வெளியூரிலிருந்து இருபது சேலைகளுக்குத் தேவைப் பட்டியல் வந்தது. சரக்கும் அனுப்பப்பட்டது. இரண்டு வாரத்தில் இருபதும் திரும்பி வந்தன. "படத்தில் கட்டம் அகலமாயிருந்தது, கரையும் பெரிதாயிருந்தது, வந்த சரக்கு அதுவல்ல" என்பது வாங்கியவரின் புகார். நெய்தவர் வயதில் மூத்தவர். படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஐயா, பாவிலும் ஊடையிலும் இழையை எண்ணித்தான் போட்டேன். நான் நெய்த கட்டம் சதுரம். இதிலே எப்படி நீண்டது?" என்று கேட்டார். எனக்கு விடை தெரிந்திருந்தது; சொல்ல வாய் எழவில்லை. சரக்கை அனுப்பிய செலவும் திருப்பிய செலவும் சங்கத்தின் கணக்கில் ஏறின. இந்தச் செலவு ஏன் நேர்ந்தது என்று பிறரைக் கேட்பது என் உத்தியோகம். அன்று அதற்குக் காரணமாயிருந்தவன் நான்.

படம் என்பது ஒரு நெசவு

கைப்பேசிப் படம் சிறு சிறு புள்ளிகளால் ஆனது. இவற்றுக்குப் பிக்ஸெல் என்று பெயர். படத்தின் அகலத்திலுள்ள புள்ளிகளைப் பாவு இழைகளாகவும், உயரத்திலுள்ள புள்ளி வரிசைகளைப் ஊடை இழைகளாகவும் கொள்ளலாம். இன்றைய கைப்பேசிகள் பலவற்றில் நிமிர்த்திப் பிடித்து எடுக்கும் படம் 3000 புள்ளி அகலமும் 4000 புள்ளி உயரமும் கொண்டது. பெருக்கினால் 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள்.

இங்கே இரண்டு விஷயங்களைப் பிரித்தறிய வேண்டும். ஒன்று அளவு, அதாவது புள்ளிகளின் எண்ணிக்கை. மற்றொன்று வடிவ விகிதம். அதாவது அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள தொடர்பு. 3000க்கு 4000 என்பது 3:4 என்ற விகிதம். அளவைக் குறைக்கலாம், அதனால் சரக்கின் தோற்றம் கெடாது. விகிதத்தை இழுத்து மாற்றினால் படத்திலுள்ள எல்லாப் பொருள்களின் வடிவமும் கெடும்.

ஜக்கார்டு தறியில் பழகியவர்களுக்கு இது புதிதன்று. அங்குலத்துக்குப் பாவு இழை எத்தனை, ஊடை இழை எத்தனை என்று பாராமல் கட்டத்தாளில் வட்டப் புட்டாவை வரைந்து நெய்தால், அது துணியில் முட்டை வடிவமாகிவிடும். நான் செய்த பிழையும் அதுவே. 3:4 படத்தை 1:1 ஆக அமுக்கினேன். அகலம் 3000இலிருந்து 1080 ஆயிற்று. உயரம் 4000இலிருந்து 1080 ஆயிற்று. உயரம் அதிகமாகச் சுருங்கியதால், சதுரக் கட்டம் நான்கு பங்கு அகலமும் மூன்று பங்கு உயரமும் உடையதாகத் தோன்றிற்று. மேலிருந்து கீழாக ஓடிய மூன்று அங்குலக் கரை, கட்டத்தின் உயரத்தோடு ஒப்பிடும்போது நான்கு அங்குலம் போலக் காட்சியளித்தது.

எங்கே எந்த அளவு?

சங்கங்களுக்கு அடிக்கடி வேண்டியவற்றை மட்டும் கீழே தருகிறேன். முதல் எண் அகலம்; இரண்டாவது எண் உயரம்.

1. இன்ஸ்டாகிராம் சதுரப் படம்: 1080 × 1080. விகிதம் 1:1.
2. இன்ஸ்டாகிராம் நெட்டைப் படம்: 1080 × 1350. விகிதம் 4:5.
3. அதிலேயே இன்னும் சற்று நெட்டை: 1080 × 1440. விகிதம் 3:4.
4. ஸ்டோரி, வாட்ஸாப் ஸ்டேட்டஸ் போன்ற முழுத்திரைப் படம்: 1080 × 1920. விகிதம் 9:16.
5. பேஸ்புக் பக்கத்தின் முகப்புப் படம்: கணினியில் 851 × 315 ஆகவும், கைப்பேசியில் 640 × 360 ஆகவும் தெரியும்.

இவற்றைப் பற்றி மூன்று குறிப்புகள் அவசியம். இன்ஸ்டாகிராம் 2010இல் தொடங்கியபோது சதுரப் படத்தை மட்டுமே ஏற்றது. 2015இல் மற்ற வடிவங்களுக்கும் இடம் தந்தது. 2025இல் பக்கத்தின் தொகுப்பில் படங்களைச் சதுரமாகக் காட்டுவதை விட்டு 3:4 வடிவில் காட்டத் தொடங்கியது. ஆகவே 1080 × 1080 சதுரப் படத்தை இட்டால், தொகுப்பில் அதன் நடுவிலுள்ள 810 புள்ளி அகலமே தெரியும். இடத்திலும் வலத்திலும் 135 புள்ளிகள் மறைந்துவிடும். கரையைப் படத்தின் ஓரத்தில் வைத்திருந்தால், பக்கத்தைப் புரட்டுகிறவருக்குக் கரையில்லாத சேலைதான் தென்படும்.

இரண்டாவதாக, முகப்புப் படம் கணினியில் ஒருவிதமாகவும் கைப்பேசியில் வேறுவிதமாகவும் வெட்டப்படுவதால், சங்கத்தின் பெயரையும் பிரதான சரக்கையும் நடுவில் வைக்க வேண்டும். மூன்றாவதாக, முழுத்திரைப் படத்தின் மேலும் கீழும் பெயரும் பொத்தான்களும் வந்து மூடும். அங்கே குறைந்தது 250 புள்ளி உயரத்துக்கேனும் விலையையோ தொலைபேசி எண்ணையோ எழுதாமலிருப்பது நலம்.

இந்நிறுவனங்கள் தங்கள் அளவுகளை அவ்வப்போது மாற்றிக்கொள்வன. அளவுகளை மனப்பாடம் செய்வதைவிடக் கணக்கைக் கற்றுக்கொள்வதே மேல். அளவு மாறினாலும் கணக்கு மாறாது.

செய்முறை: முதலில் வெட்டு, பிறகு சுருக்கு

3000 × 4000 படத்தை 1080 × 1350 ஆக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

முதற்படி, விகிதம். வேண்டியது 4:5. அகலம் 3000 என்றால், அதை 4ஆல் வகுத்து 5ஆல் பெருக்க, உயரம் 3750 வரும். நம் படத்தின் உயரம் 4000. ஆகவே 250 புள்ளிகளை வெட்ட வேண்டும்; மேலே 125, கீழே 125 என்று பகிர்ந்துகொள்ளலாம். கைப்பேசியின் திருத்தும் பகுதியில் 'க்ராப்' என்பதில் விகிதத்தைத் தெரிந்தெடுத்தால், இந்த வேலையைக் கருவியே செய்துவிடும். எந்தப் பகுதி போகலாம், எந்தப் பகுதி போகக் கூடாது என்பதை மட்டும் நாம் தீர்மானிக்க வேண்டும்.

இரண்டாம் படி, அளவு. இப்போது படம் 3000 × 3750. அகலத்தை 1080 ஆக்கினால், உயரம் தானாகவே 1350 ஆகும். கணினியில் 'விகிதத்தைக் காக்க' என்ற பொருளில் ஒரு கட்டமோ பூட்டுச் சின்னமோ இருக்கும். அது பூட்டியே இருக்க வேண்டும். அன்று நான் அதைத் திறந்துவிட்டு இரண்டு எண்களையும் இட்டதே அத்தனைக்கும் காரணம். பூட்டியிருக்கும்போது ஓர் எண்ணை மட்டும் இடுங்கள். மற்றது வேண்டிய எண்ணாக வரவில்லையென்றால், முதற்படியில் தவறு என்று அறிக.

வெட்டினால் கரையோ முந்தியோ போய்விடும் என்ற நிலையும் உண்டு. அப்போது வெட்டாமல் ஓரம் சேர்க்க வேண்டும். 3:4 படத்தைச் சதுரமாக்க, அதனை 810 × 1080 ஆகச் சுருக்கி, 1080 × 1080 அளவுள்ள வெள்ளைப் பின்னணியின் நடுவில் வைக்கலாம். இருபுறமும் 135 புள்ளி வெற்றிடம் நிற்கும். தொகுப்பில் மறைவதும் அந்த வெற்றிடமே. சேலை முழுதும் தெரியும்.

படம் எடுக்கும் முன்பே தீர்மானிக்க வேண்டியவை

ஐந்தரை மீட்டர் நீளமும் ஒன்றேகால் மீட்டருக்குச் சற்றுக் குறைவான அகலமும் உள்ள சேலையை விரித்து எடுத்தால், அது எந்தச் சட்டத்திலும் அடங்காது. அடக்கினால் கரை நூலிழைபோல் மெலியும். ஆகவே முந்தி, உடல், கரை மூன்றும் ஒருங்கே தெரியும்படி மடித்து, 4:5 வடிவத்துக்கு ஏற்ப அடுக்கி எடுக்க வேண்டும். கைத்தறி முத்திரை 2006 முதல் நடைமுறையில் உள்ளது. அந்த முத்திரைச் சீட்டைச் சேலையோடு சேர்த்து எடுத்துச் சுருக்கினால் எழுத்துப் படிக்க இயலாது. அதனைத் தனிப் படமாக அருகில் சென்று எடுங்கள்.

விளைவிப்போர் வாழைத்தாரை நிமிர்ந்த சட்டத்திலும், மாம்பழக் கூடையைச் சதுரத்திலும் எடுக்கலாம். படத்தை இழுத்தால் உருண்ட மாம்பழம் நீண்டு வேறு ரகம்போல் தோன்றும். வாங்குபவர் ரகத்தையே சந்தேகிப்பார். சரக்கின் அருகே ஒரு ரூபாய் நாணயத்தை வையுங்கள். அது சரக்கின் பருமனைக் காட்டும். நேர் மேலிருந்து எடுத்த படத்தில் அந்த நாணயம் முட்டை வடிவாய்த் தெரிந்தால், படம் இழுக்கப்பட்டது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

எந்தச் சரக்காயினும் நாற்புறமும் சற்று இடம் விட்டு எடுங்கள். தையற்காரர் தையலுக்குத் துணி விடுவதுபோல, வெட்டுக்கும் படத்தில் இடம் விட வேண்டும்.

நெசவாளர்க்கு ஒரு தனி எச்சரிக்கை

நுண்ணிய கட்டமும் கோடும் உள்ள துணியின் படத்தைச் சுருக்கும்போது, துணியில் இல்லாத நீரலை போன்ற வளையங்கள் படத்தில் தோன்றுவதுண்டு. இரண்டு கொசுவலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் அலையலையாய்த் தெரிகிறதல்லவா? அதே காரணம்தான் இங்கும்: துணியின் இழை வரிசையும் படத்தின் புள்ளி வரிசையும் ஒன்றோடொன்று பொருந்தாமல் மோதுகின்றன. இதைக் கண்டு நெசவில் பழுது என்று எண்ணும் வாடிக்கையாளர் உண்டு. சற்று அருகில் சென்றோ விலகி நின்றோ, கோணத்தைச் சிறிது மாற்றியோ மீண்டும் எடுத்தால் பெரும்பாலும் மறையும். சுருக்கிய படத்தை வெளியிடும் முன் ஒருமுறை முழுத்திரையில் பார்ப்பது அவசியம்.

பாதுகாக்க வேண்டியவை

சிறிய படத்தைப் பெரிதாக்காதீர்கள். 600 புள்ளி அகலமுள்ள படத்தை 1080 ஆக்கினால், இல்லாத இழையைக் கருவி ஊகித்து நிரப்புகிறது. துணி மங்கிக் காண்கிறது. மூலப் படத்தைத் திருத்தாமல் தனியே வைத்து, நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். ஜேபெக் வகைப் படத்தைத் திரும்பத் திரும்பத் திருத்திச் சேமித்தால் ஒவ்வொரு முறையும் சிறிது நயம் குறையும். உறுப்பினர் வீட்டிலிருந்து சங்கத்துக்கு வாட்ஸாப்பில் வரும் படம் வழியிலேயே சுருக்கப்படுகிறது. 2023இல் வந்த 'எச்.டி.' தெரிவு இதனை ஓரளவு தவிர்க்கும். ஆவணமாக இணைத்து அனுப்பினால் மூலம் அப்படியே வந்து சேரும்.

பயிற்சி

1. 3000 × 4000 படத்தை வெட்டி 1080 × 1920 ஆக்குக.
2. கைப்பேசியைப் படுக்கவைத்து எடுத்த 4000 × 3000 படத்தை 1080 × 1350 ஆக்கினால் எத்தனை புள்ளி அகலம் வீணாகும்?

விடை: 1. உயரம் 4000க்கு அகலம் 2250; அகலத்தில் 750 புள்ளிகளை வெட்டிப் பிறகு சுருக்க வேண்டும். 2. உயரம் 3000க்கு அகலம் 2400. 1600 புள்ளி, அதாவது பத்தில் நான்கு பங்கு வீணாகும். நெட்டைப் படம் வேண்டுமானால் கைப்பேசியை நிமிர்த்திப் பிடிக்க வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

அந்தச் சங்கத்தில் இப்போது படம் வெளியிடும் முன் நெய்தவரிடம் ஒருமுறை காட்டுகிறார்கள். கட்டம் சதுரமாயிருக்கிறதா, கரை நெய்த அளவில் தெரிகிறதா என்று அவர் பார்த்துச் சொன்ன பிறகே அது வெளியே போகிறது. அன்று திரும்பி வந்த சேலைகளை நெய்த பெரியவரே இன்று எல்லோரிலும் கண்டிப்பாகப் பார்க்கிறவர். எண்ணும் கணக்கும் நாம் கற்கலாம். தன் துணி தன் துணியாகவே தெரிகிறதா என்று கூற அவரைவிடத் தகுந்த தணிக்கையாளர் இல்லை. ஒவ்வொரு சங்கமும் இவ்வழக்கத்தை மேற்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.